தொட்டி வரைக்கும் போய்ப் பார்க்கணும்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, ஆஸ்திரேலியாவில் ஒரு மாட்டுப் பண்ணையில் ஐந்து வருடம் போர்வெல் பராமரிப்பு வேலை பார்த்ததைப் பேச்சுவாக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் வரிசையாகக் கேள்வி அனுப்பிவிட்டீர்கள். சரி, இந்தத் தடவை முழுக்க அதுவே இருக்கட்டும்.

கேள்வி: தக்கலையில் மோட்டார் ரிப்பேர் பார்த்தவர் அங்கே எப்படிப் போனீர்கள்? போரில் தண்ணீர் எடுப்பதற்கென்றே ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைப்பார்களா? – ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: என் மனைவி நர்ஸ். ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள நார்தர்ன் டெரிட்டரியில் அவளுக்கு ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது, நான் கூடப் போனவன். போர்வெல் மோட்டார் கழற்றி மாட்டத் தெரியும் என்று சொன்னதும் பார்க்லி டேபிள்லேண்ட் பக்கம் ஒரு பண்ணையில் எடுத்துக்கொண்டார்கள். அங்கே பண்ணையை ஸ்டேஷன் என்பார்கள், இந்த வேலை பார்ப்பவனை போர் ரன்னர் என்பார்கள்.

பண்ணை என்றதும் நாலு ஏக்கர் தென்னந்தோப்பை நினைக்காதீர்கள். நம் குமரி மாவட்டம் மொத்தமே சுமார் 1,672 சதுர கிலோமீட்டர். தெற்கு ஆஸ்திரேலியாவில் அன்னா க்ரீக் என்கிற ஒரே ஒரு பண்ணை 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நான் இருந்தது அவ்வளவு பெரிதில்லை, ஆனாலும் நம் மாவட்டத்தை மூன்று தடவை உள்ளே வைக்கலாம். கண்ணுக்கு எட்டின வரை புல்வெளி, ஒரு மேடு கிடையாது. மழை வந்தால் கரிசல் மண் சேறாகி வண்டியே போகாது, மழை நின்றுவிட்டால் அடுத்த ஏழெட்டு மாதம் ஆற்றில் மணல்தான். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி மாதிரி அணையைத் திறந்துவிட்டால் கால்வாயில் தண்ணீர் வரும் என்கிற நினைப்பே அங்கே செல்லாது. மாடு உயிரோடு இருப்பது பூமிக்குள்ளிருந்து இறைக்கிற தண்ணீரால் மட்டும்தான்.

ஒரு மாடு சாதாரணமாக ஒரு நாளைக்கு 40, 50 லிட்டர் குடிக்கும். வெயில் காலத்தில், அதுவும் கன்றுக்குப் பால் கொடுக்கிற மாடென்றால் இன்னும் கூட. ஒரு தொட்டியை நம்பி 400 மாடு நின்றால், தலைக்கு 60 லிட்டர் என்று வைத்தாலே 24,000 லிட்டர். நம்மூர் 12,000 லிட்டர் டேங்கர் லாரி இரண்டு, தினமும், ஒரு தொட்டிக்கு மட்டும். என் பொறுப்பில் இருந்தது 19 தொட்டி. விடியற்காலை நாலரைக்கு வண்டி எடுத்தால் ஒரு நாளில் பாதி, மறுநாள் மீதி, நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர் ஓட்டம். நாகர்கோவிலிலிருந்து மதுரை போகிற தூரம், ஆனால் எல்லாம் மண் ரோடு, வழி நெடுகக் கேட்டுகள். ஒவ்வொரு கேட்டிலும் இறங்கித் திறந்து, மறுபடியும் இறங்கிப் பூட்டணும். திறந்து கிடந்த கேட்டைத் திறந்தபடி விடணும், பூட்டியிருந்ததைப் பூட்டியே விடணும். முதல் நாள் சொல்லித் தந்த பாடம் அது.

கேள்வி: எனக்கு 26 வயது. பிளம்பிங் தெரியும், சப்மெர்சிபிள் மோட்டார் இறக்க ஏற்றத் தெரியும். இந்த அனுபவம் போதுமா அண்ணே? – ஒரு வாசகர், பத்மநாபபுரம்

பதில்: கைவேலைக்குப் போதும் தம்பி. டிரைபாட் நட்டு, செயின் பிளாக் போட்டு, ஒவ்வொரு பைப்பாகத் தூக்கிக் கிளாம்ப் மாட்டிக் கழற்றுகிற வேலை இங்கேயும் ஒன்றுதான், அங்கேயும் ஒன்றுதான். பம்ப் கொஞ்சம் வேறே. பல போர்களில் மோனோ பம்ப் இருக்கும். முறுக்கின இரும்புத் தண்டு ஒன்று ரப்பர் உறைக்குள் சுழன்று தண்ணீரை மேலே தள்ளும், மேலே டீசல் இஞ்சின் பெல்ட் போட்டுச் சுற்றும். ரப்பர் தேய்ந்தால் தண்ணீர் குறையும், உள்ளே ராடு முறிந்தால் இஞ்சின் சுகமாக ஓடும், தண்ணீர் வராது. "மோட்டார் ஓடுது, தண்ணி வரல" என்று இங்கே தினம் கேட்கிற அதே பேச்சு. நான் முதலில் செய்வது, வெளியே வரும் இரும்புப் பைப்பில் உள்ளங்கையை வைப்பது. உள்ளே தண்ணீர் ஓடினால் கை பொறுக்கும். ஓடவில்லையென்றால் அந்த வெயிலில் பைப் தோசைக்கல் மாதிரி சுடும், வைத்த வேகத்தில் கையை எடுத்துவிடுவோம். சோலார் வைத்த சப்மெர்சிபிளும் இப்போது நிறைய வந்துவிட்டது, அது உனக்குக் கைவந்ததுதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இது எந்த ஒர்க்‌ஷாப்பிலும் சொல்லித் தராதது. தண்ணீர் போரிலிருந்து நேராக மாட்டுக்குப் போவதில்லை. டேங்குக்குப் போகும், இல்லையென்றால் டர்க்கி நெஸ்ட் என்கிற குளத்துக்குப் போகும். சுற்றிலும் மண்கரையை உயர்த்திக் கட்டித் தரைக்கு மேலே நிறுத்தின குளம் அது. அங்கிருந்து கறுப்பு பாலி பைப்பில் தானாக இறங்கித் தொட்டிக்கு வரும். தொட்டியில் ஒரு ஃப்ளோட் வால்வு, நம் வீட்டு டேங்கில் இருக்கிறதே அதே பந்துதான், நிறைந்ததும் அடைக்கும். இதில் எங்கே வேண்டுமானாலும் கோளாறு வரலாம்.

இரண்டாவது வருடம் நவம்பரில் ஒரு நாள், வெயில் 44 டிகிரி. காலையில் டயர் ஒன்று கிழிந்து அதிலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டது. கடைசி போருக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இஞ்சின் ஓடியது, டேங்க் விளிம்பு வரை தண்ணீர். தொட்டி அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, வேலிக்கு அந்தப்பக்கம். டேங்க்தான் நிறைந்திருக்கிறதே என்று திரும்பிவிட்டேன். பைப்பில் காற்று அடைத்துக்கொண்டு தொட்டிக்கு ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை, அதனால்தான் டேங்க் அப்படி நிறைந்து நின்றது. அதை யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் போனேன். தொட்டியின் அடியில் பாசி காய்ந்து அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது, அதை ஒரு மாடு நக்கிக்கொண்டு நின்றது. பதினோரு மாடு செத்துக் கிடந்தது, சிலது தாகத்தில், சிலது காலித் தொட்டியைச் சுற்றி நெருக்கியதில் மிதிபட்டு. ஒரு கன்றுக்குட்டி தொட்டிக்குள்ளேயே. மிச்சமிருந்ததைக் காப்பாற்ற அவசரப்பட்டு மொத்தமாகத் திறந்துவிடவும் முடியாது, தண்ணீர் வாசம் பிடித்தால் நானூறும் ஒரே நேரத்தில் பாயும். மேனேஜருக்கு ரேடியோவில் சொன்னேன், ஆட்கள் வந்து கொஞ்சம் கொஞ்சமாக மாட்டை மறித்துவிட்டுத்தான் குடிக்க வைத்தோம். அவர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பதினொன்றையும் இழுத்துப்போடும் வேலையை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு தொட்டியையும் நான் தூரத்திலிருந்து பார்த்ததில்லை. இறங்கி, பந்தைக் கையால் அமுக்கி, தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். இப்போது டேங்க் மட்டத்தைச் சேட்டிலைட் வழியாக ஆபீசுக்கே அனுப்புகிற கருவி வந்துவிட்டது. நல்லதுதான், டீசல் மிச்சம். ஆனால் அன்றைக்கு அந்தக் கருவி இருந்திருந்தாலும் டேங்க் நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கும். தம்பி, உனக்கு இந்தப் பொறுமை இருக்கிறதா என்று யோசித்துப் பார். மற்றது எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

அப்புறம், தொட்டி கழுவுவது பாதி வேலை. அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரை வடித்து, பிரஷ் போட்டுப் பாசி தேய்க்கணும். பறவையோ வேறெதுவோ விழுந்து செத்துக் கிடந்தால் உடனே எடுக்கணும், அழுகிய உடம்பிலிருந்து பொட்டுலிசம் என்கிற நோயைத் தரும் நச்சு தண்ணீரில் இறங்கினால் மாடுகள் கொத்தாகச் சாகும்.

கேள்வி: என் மகன் போகணும் என்று பிடிவாதமாக நிற்கிறான். ஆளே இல்லாத காட்டில் காய்ச்சல் வந்தாலோ பாம்பு கடித்தாலோ யார் பார்ப்பார்கள்? – ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: அக்கா, உங்கள் பயம் நியாயமானது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் அதற்கு வழி செய்து வைத்திருக்கிறார்கள். ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் என்று 1928-இல் ஆரம்பித்த சேவை, டாக்டர் விமானத்தில் வந்து இறங்குவார். பண்ணைகளில் அவர்கள் கொடுத்த மருந்துப்பெட்டி இருக்கும், உள்ளே ஒவ்வொரு மருந்துக்கும் எண் போட்டிருக்கும். போனில் டாக்டர் இந்த எண் மருந்தை இவ்வளவு கொடு என்று சொல்வார், பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுத்தால் போதும். என் பல்வலிக்கு இரண்டு தடவை அப்படித்தான் மாத்திரை சாப்பிட்டேன்.

மகனிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான். வண்டியில் எப்போதும் 20 லிட்டர் குடிதண்ணீர், இரண்டு ஸ்டெப்னி, ரேடியோ, சேட்டிலைட் போன். வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நடக்கவே கூடாது. தேடி வருபவர்கள் கண்ணில் வண்டி படும், வெட்டவெளியில் நடக்கிற ஆள் படமாட்டான். அங்கே செத்தவர்களில் பலர் வண்டியை விட்டு நடந்து போனவர்கள்தான்.

தனிமை இருக்கும். எங்கள் பண்ணையில் சீசனில் பதினைந்து பேர், மழைக்காலத்தில் நாலு பேர். சாப்பாடு நன்றாகவே போடுவார்கள், பெரும்பாலும் மாட்டிறைச்சி. மரச்சீனியும் மீன்குழம்பும் நினைத்து நான் ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டவுனுக்குப் போய் மனைவியைப் பார்க்கும் வழி எனக்கு இருந்தது. உங்கள் மகனுக்கு அது இருக்காது. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், தவறாமல் போனில் பேசுங்கள்.

கேள்வி: அங்கேயும் காத்தாடி உண்டாமே? தண்ணீர் தானாகப் பொங்கி வரும் என்றும் சொல்கிறார்களே? – ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: உங்கள் ஊர்க் காத்தாடி கரண்ட் எடுப்பது. அங்கே உள்ளது உயரம் குறைந்த, நிறைய இதழ் வைத்த இரும்புக் காத்தாடி, நேராகப் பம்ப் தண்டை ஏற்றி இறக்கும். பழைய போர்களில் இன்னும் நிற்கிறது, சோலார் வந்தபிறகு குறைந்துகொண்டு வருகிறது.

தானாக வருவது கிரேட் ஆர்டீசியன் பேசின் பகுதியில், பூமிக்குள் அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் அது. 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு, அந்த நாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். முதல் போர் 1878-இல் போர்க் என்கிற ஊர்ப்பக்கம் போட்டார்கள். பிறகு ஆயிரக்கணக்கில் போட்டு, தண்ணீரைத் திறந்த வாய்க்காலில் கிலோமீட்டர் கணக்கில் ஓடவிட்டார்கள், அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆவியாகவும் மண்ணிலும் போனது. அழுத்தம் குறைந்து பல ஊற்றுகள் வற்றின பிறகுதான் போருக்கு மூடி போட்டுப் பைப்புக்கு மாறினார்கள். நான் வேலை பார்த்தது சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர், பம்ப் வைத்துத்தான் எடுக்கணும்.

கேள்வி: பெண்கள் இந்த வேலைக்குப் போகலாமா? – ஒரு வாசகி, திங்கள்நகர்

பதில்: போகலாம், போகிறார்கள். நான் ஊர் திரும்பினபிறகு என் ரூட்டை எடுத்துக்கொண்டது 23 வயதுப் பெண். டயர் மாற்றுவதில் என்னைவிட வேகம்.

கேள்வி: ஒரு ஏஜென்ட் 6 லட்சம் கொடுத்தால் பண்ணை வேலை விசா உறுதி என்கிறார். நம்பலாமா? – ஒரு வாசகர், கருங்கல்

பதில்: கொடுக்காதீர்கள். 462 என்கிற வேலை-விடுமுறை விசா 2024 முதல் இந்தியர்களுக்கும் உண்டு. வருடத்துக்கு 1,000 பேர், வயது 18 முதல் 30 வரை, பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருடமாவது படித்திருக்கணும், ஆங்கிலம் ஓரளவு தெரிந்திருக்கணும். ஆள் எடுப்பது குலுக்கலில், அதில் பெயர் பதிய 25 ஆஸ்திரேலிய டாலர். குலுக்கலில் யாரும் யாருக்கும் உறுதி தர முடியாது. முதலாளி ஸ்பான்சர் செய்கிற விசா என்றால், ஸ்பான்சர் செய்வதற்காகக் காசு கேட்பதே அந்த நாட்டில் 2015 முதல் குற்றம். இங்கே லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், அவ்வளவுதான். லைசென்ஸ் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சம்பளம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் மணிக்கணக்கில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 ஜூலை முதல் அங்கே தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். அதற்குக் கீழே எழுதியிருந்தால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவேண்டாம், பாஸ்போர்ட்டையும் அவர் கையில் விட்டுவிட்டு வராதீர்கள்.