தர்க்கம் யார் பக்கம்?

கேள்வி: கருத்துமுதல்வாதம் (ஜடப்பொருள் அல்ல, மனமும் அனுபவமுமே அடிப்படை என்ற கொள்கை) என்றாலே தர்க்கத்துக்கு ஒத்துவராத சாமியார் பேச்சு என்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில்: நண்பர் ஜடப்பொருளே அடிப்படை என்னும் பொருள்முதல்வாதி போலிருக்கிறது, இருக்கட்டும். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த தத்துவஞானி எஃப்.எச்.பிராட்லியை அவர் படித்ததில்லை என்று நினைக்கிறேன். உண்மையில் இருப்பது ஒன்றே, அது அனுபவமயமானது, மற்றதெல்லாம் தோற்றம் என்று 1893-இல் புத்தகம் போட்ட அந்த மனிதர், பத்து வருடம் முன்னாடி 1883-இல் எழுதியது ஒரு தர்க்கவியல் நூல். தர்க்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டே போய்த்தான் அங்கே சேர்ந்தார்.

ஒரு சர்க்கரைக் கட்டியில் ஆரம்பிக்கிறார். வெள்ளை, கெட்டி, இனிப்பு. சரி, இந்த மூன்றும்தான் சர்க்கரையா? வெள்ளையே இனிப்பு ஆகிவிடாது, மூன்றையும் சேர்த்துக் கட்ட ஓர் உறவு வேண்டும். அந்த உறவும் ஒரு சமாச்சாரம் என்றால், அதை வெள்ளையோடு சேர்க்க இன்னோர் உறவு வேண்டும், அதைச் சேர்க்க மற்றொன்று, இப்படிப் போனால் முடியவே முடியாது. அதனால் உறவுகளும் தோற்றம், தனித்தனிப் பொருள்களும் தோற்றம் என்கிறார். (பொருளையும் குணத்தையும் சேர்த்துப் பிடிப்பதாக நம்மூர் வைசேடிகத் தத்துவக்காரர்கள் சொன்ன 'சமவாயம்' என்ற உறவின் மீது சங்கரர் பிரம்மசூத்திர உரையில் ஏவியதும் இதே அம்புதான். பண்டிதர்கள் இதை அனவஸ்தா தோஷம், அதாவது முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும் குற்றம், என்பார்கள்.)

இதை எதிர்த்த ஆங்கிலத் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் ஒரு காலத்தில் ஜெர்மானியக் கருத்துமுதல்வாதி ஹெகலின் பக்தர்தான், 1898 வாக்கில் சக தத்துவஞானி ஜி.இ.மூருடன் சேர்ந்து வெளியே வந்தவர். எந்த வாக்கியத்தையும் ஒரு பொருள், அதன் குணம் என்று பிரித்துவிடலாம் என்ற பழைய தர்க்கத்தின் நம்பிக்கையில்தான் அவர் கை வைத்தார். 'கண்ணன் பாலுவைவிட மூத்தவன்' என்கிறோம். இது கண்ணனின் குணம் என்றால் அதற்குள்ளேயே பாலு வந்து உட்கார்ந்துவிடுகிறான். இருவரும் சேர்ந்த முழுமையின் குணம் என்றால், 'பாலு கண்ணனைவிட மூத்தவன்' என்பதற்கும் அதே முழுமைதான், யார் மூத்தவன் என்பதே காணாமல் போய்விடும். ஆளுக்கொரு குணமாக 40, 35 என்று வயதைக் கொடுத்தாலும், 40 பெரிது என்பது மறுபடி ஓர் உறவு. ஆகவே உறவைக் குணமாகக் கரைக்க முடியாது என்று 1903-இல் வந்த 'கணிதத்தின் கொள்கைகள்' நூலில் வாதிட்டார். வரிசை என்ற ஒன்று இல்லாமல் கணிதமே நகராது என்பதால் அவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

அப்போ பிராட்லி அவுட்டா? என்னைக் கேட்டால் பாதிதான். உறவைக் குணமாக்கு என்று அவர் கேட்கவே இல்லை, குணமும் தேறாது உறவும் தேறாது என்றுதான் சொன்னார். அப்புறம், எது சேர்த்துப் பிடிக்கிறது என்ற அவருடைய கேள்வி ரஸ்ஸலையும் விடவில்லை. ஒரு கூற்றைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டால் அந்தத் துண்டுகளை அடுக்கி மறுபடி கூற்றாக்க முடியாது, அதை ஒன்றாக்குவது வினைச்சொல்தான், ஆனால் கூற்றுக்குள் வினையாகவே நிற்கும் வினைச்சொல்லுக்கும் தனியே பிரித்து எடுத்த வினைச்சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லத் தனக்குத் தெரியவில்லை என்று அதே நூலில் அவரே எழுதுகிறார்.

கேள்வி: ஆங்கில எழுத்தாளர் டாக்டர் ஜான்சன் கல்லை உதைத்தே, ஜடப்பொருள் என்று ஒன்றில்லை என்ற கருத்துமுதல்வாதி பெர்க்லியை முறியடித்தாராமே?

பதில்: உதைத்தது நிஜம். 1763-இல் இங்கிலாந்தின் ஹாரிச் ஊரில், அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் பக்கத்தில் நிற்க, ஒரு பெரிய கல்லை ஓங்கி உதைத்து 'இப்படி மறுக்கிறேன்' என்றார். ஆனால் கல் கெட்டியாக இருக்காது, கால் வலிக்காது என்று பெர்க்லி எங்கே சொன்னார்? கெட்டி, வலி எல்லாமே உணரப்படுபவை, அவற்றுக்குப் பின்னால் யாரும் உணராத ஜடப்பொருள் ஒன்று தேவையில்லை என்பதுதான் அவர் 1710-இல் எழுதியது. அவரை மடக்க ஆசையிருந்தால் மர வாதத்தைப் பிடியுங்கள்: யாரும் நினைக்காத ஒரு மரத்தை நினைத்துப் பார், நினைத்ததுமே அது நினைக்கப்பட்ட மரமாகிவிட்டது, ஆகவே அப்படி ஒன்று இருக்க முடியாது என்கிறார். நினைக்கும் செயலையும் நினைக்கப்படும் பொருளையும் போட்டுக் குழப்பிய வாதம் இது. யாரும் நினைக்காத மரங்கள் உண்டு என்று பொதுவாகச் சொல்வதற்கு, குறிப்பாக எந்த மரத்தையும் நான் மனதுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை.