புற்றுநோய் ஆதரவு மையத்தில் கலைக்கும் வடிவமைப்புக்கும் என்ன வேலை? வீண் செலவுதானே?

ஓவியம் மாட்டினால் கட்டி கரையாது, உண்மைதான். ஆனால் நோயாளி மருந்தோடு மட்டும் வாழ்வதில்லை. காத்திருக்கிறார், பயப்படுகிறார், அழ இடம் தேடுகிறார். வடிவமைப்பின் வேலை அங்கேதான்.

பிரிட்டனின் மேகீஸ் புற்றுநோய் ஆதரவு மையங்களைப் பாருங்கள். தோட்ட வடிவமைப்பாளர் மேகி கெஸ்விக் ஜென்க்ஸுக்குப் புற்றுநோய் திரும்பிவிட்டது என்று 1993-இல் சொன்னார்கள். அதைக் கேட்டபின் அவர் உட்கார வேண்டியிருந்தது ஜன்னலே இல்லாத ஒரு நடைவழியில். 1995-இல் அவர் இறந்தார். அவர் திட்டமிட்ட முதல் மையம் 1996-இல் எடின்பரோ மருத்துவமனை வளாகத்தில், பழைய குதிரை லாயம் ஒன்றில் திறந்தது.

இந்த மையங்களில் வரவேற்பு மேசை இருக்காது. நடுவில் சமையலறை, பெரிய சாப்பாட்டு மேசை. டீ போடும் சாக்கில் பேச்சு தானாகத் தொடங்கும். எனக்கு மிகவும் பிடித்தது 2017-இல் திறந்த ஓல்டம் மையத்தின் கதவுக் கைப்பிடி: கீமோதெரபி எடுப்பவர்களில் சிலருக்குக் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டாலே வலிக்கும் என்பதால் மரத்தில் செய்திருக்கிறார்கள். கலை என்றால் சுவரில் தொங்குவது மட்டுமல்ல!

ஆதாரம் கேட்பவர்களுக்கு: ஆய்வாளர் ராஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்த அறுவைசிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அது பித்தப்பை அறுவைசிகிச்சை பற்றியது, அப்படியே புற்றுநோய்க்குப் பொருத்திவிட முடியாது.

ஓவிய வகுப்புகளின் பயன் வேறு. கை தூரிகையில் இருக்கும்போது, எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்காமலே மனதில் உள்ளதைச் சொல்லிவிடலாம். வரைய வராவிட்டாலும் பரவாயில்லை.

மேகீஸ் மையங்களை வடிவமைக்க, ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஃபிராங்க் கெரி, கிர்கால்டியில் ஸஹா ஹதீத் எனப் பெரும் கட்டடக் கலைஞர்களை அழைத்தது பகட்டு என்பார் உண்டு. மேகீஸ் பெரும்பாலும் நன்கொடையில் நடப்பது. ஊரே பேசும் கட்டடம் நன்கொடையையும் இழுத்துவரும் என்பது என் கணிப்பு.