ஹோம் (இயந்திரத்தின் தொடக்கப் புள்ளி) எடுத்தால் சில நாள் மட்டும் சரியாக 10 மி.மீ. தள்ளி நிற்கிறது, ஏன்?

கோவை கணபதியில் பம்ப் உறை கடையும் சிஎன்சி லேத் என்கிறீர்கள். பால் ஸ்க்ரூ (அச்சை நகர்த்தும் திருகு) பிட்ச்சும், அதாவது ஒரு சுற்றில் நகரும் தூரமும், 10 மி.மீ., சர்வோ மோட்டார் அதனுடன் நேரடிக் கப்ளிங் (இணைப்பு) என்றால், அச்சு ஒரு முழுச் சுற்று தள்ளி நிற்கிறது. டாக்கை (ஹோம் ஸ்விட்ச்சை அழுத்தும் கட்டை) விட்டு ஸ்விட்ச் விலகியபின் என்கோடரில் (மோட்டார் சுழற்சியை அளக்கும் கருவி) வரும் முதல் மார்க்கர் பல்ஸையே (சுற்றுக்கு ஒருமுறை வரும் சிக்னல்) கண்ட்ரோலர் ஹோமாக எடுக்கும். ஸ்விட்ச் விலகும் இடமும் மார்க்கரும் ஒட்டி அமைந்தால், ஸ்விட்ச் இம்மி தாமதித்தாலும் அடுத்த மார்க்கர்தான் பிடிபடும்.

மெயினை அணைத்து ஸ்விட்ச்சைத் துடையுங்கள். வார்ப்பிரும்புத் தூள் கூலன்ட்டில் குழைந்து உருளையில் களிம்பாக அப்பியிருக்கும். ப்ளஞ்சர் (ஸ்விட்ச்சின் அழுத்து தண்டு) தயங்கித்தான் வெளியே வரும். பிறகு டாக்கை 5 மி.மீ., அதாவது அரைச்சுற்று நகர்த்துங்கள். ஹோமே ஒரு பிட்ச் மாறியிருக்கலாம், ஆஃப்செட் (நிலைத் திருத்த அளவு) பார்க்காமல் ஜாப் ஓட்டவே கூடாது.

தள்ளல் தினம் ஒரு அளவாக வந்தால் டாக்கைத் தொடாதீர்கள். கப்ளிங் ஸ்க்ரூவை இறுக்குங்கள்.