சாலைக் கணக்கும் சாவிக்கொத்தும்

கேள்வி: எங்கள் ஊரில் வள்ளலார் பெயரால் முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் தருமச்சாலையில் நாள்தோறும் எண்பது பேர் வரை பசியாறுகிறார்கள். அதைத் தொடங்கி நடத்திவந்த ஐயா தை மாதம் மறைந்தபின், அறக்கட்டளையின் செயலாளர் பொறுப்பு ஓய்வுபெற்ற ஆசிரியரான என்னிடம் வந்துள்ளது. ஜீவகாருண்யத்தில் ஈடுபாடு உண்டு, நிர்வாகம் தெரியாது. பயிற்சி எங்கே பெறலாம்?
- வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: வடலூரில் 1867ஆம் ஆண்டு வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிவதைச் சொல்லிப் பூரிக்கிறோம், அப்படி எரிவதற்கு விறகு வாங்கியவர், அரிசி அளந்தவர், தமக்குப்பின் இன்னார் என்று ஒருவரைப் பழக்கிவிட்டுச் சென்றவர் என ஒரு வரிசையே தேவைப்பட்டிருக்கும் என்பதை நினைப்பதில்லை. உங்கள் ஐயா அந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் சாவிக்கொத்தை மட்டும் விட்டுச் சென்றிருக்கிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. நம் அறநிலையங்கள் பலவற்றில் இதுதான் வழக்கம்.

பயிற்சிக்குப் போகுமுன் அறக்கட்டளைப் பத்திரத்தை முழுவதும் படியுங்கள். புதிய அறங்காவலரை யார் நியமிப்பது, காசோலையில் யார் கையெழுத்திடுவது என்பவற்றுக்கு அதுதான் ஆதாரம். நான் பொருளாளராக இருந்த ஓர் அமைப்பில் நிறுவனர் ஒருவரே கையெழுத்திட்டு வந்தார். அவர் திடீரென மருத்துவமனையில் படுத்துவிட, கணக்கில் பணம் இருந்தும் சமையல்காரருக்கு இரண்டு மாதம் சம்பளம் தர முடியாமல், மளிகைக் கடையில் கடன் சொல்லி ஓட்டினோம். இருவர் கையெழுத்து என்ற தீர்மானத்தை, பத்திரம் இடங்கொடுத்தால், முதல் கூட்டத்திலேயே நிறைவேற்றி மினிட் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது நன்கொடை. பொன்னி அரிசி மூட்டையைக் கொண்டுவந்து இறக்குபவர் வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கேட்டால், பொருளாகத் தருவதற்கு அந்த வரிச்சலுகை இல்லை, ரொக்கமானால் 2,000 ரூபாய்க்கு மேல் இல்லை என்று அவர் மனம் நோகாமல் சொல்லத் தெரிய வேண்டும். ஆனாலும் அந்த மூட்டை இருப்புப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும்: தேதி, கொடுத்தவர் பெயர், எடை, அன்று உலையில் போட்டது, மீதி. வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கைக்கு இது பெரிய வேலையன்று. குறிப்பிட்ட சமயத்தாருக்கோ சாதியாருக்கோ மட்டும் என்று எழுதப்பட்ட அறக்கட்டளைக்கு 80ஜி அனுமதி கிடைப்பதில்லை. பசித்தவர் யாராயினும் என்பதே வள்ளலார் நெறி என்பதால் உங்களுக்கு அந்தத் தொல்லை இராது.

இனிப் பயிற்சி. அன்னதானக் கூடத்துக்கும் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேண்டும்; உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்தும் ‘ஃபோஸ்டாக்’ பயிற்சிக்குச் சமையல் செய்யும் அம்மாவோடு நீங்களும் சென்று அமருங்கள். சென்னையில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற கல்லூரிகளில் சமூகப்பணிப் பட்டப் படிப்புகள் உண்டு என்றாலும், உங்கள் வயதில், உங்கள் அவசரத்தில், நன்றாக நடக்கும் இன்னொரு சாலையின் உக்கிராண அறையில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். அந்தச் சாலையின் பொறுப்பாளரோடு மாதம் ஒருமுறை மனம்விட்டுப் பேசவும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ‘ஐயா இருந்தபோது இப்படி இல்லை’ என்று பழைய தொண்டர்கள் சொல்லாத நாள் இருக்காது. அதை வீட்டில் சொன்னால் ‘உங்களுக்கு எதற்கு இந்த வேலை’ என்பார்கள். சாலையில் சொன்னால் கட்சி பிரியும்.

கேள்வி: சபை நடத்தும் குழந்தைகள் இல்லத்துக்கு நான் பொறுப்பாளர். ஊழியர் ஒருவர் தவறாக நடந்ததாக ஒரு சிறுமி சொல்கிறாள். ‘சபையின் பெயர் கெடும், நாமே விசாரிப்போம்’ என்கிறது குழு. என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இன்றே காவல் நிலையத்திலோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிலோ தெரிவியுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐயும் அழையுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் தருவது உங்கள் கடமை. தம்கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த ஊழியரை இல்லத்துக்குள் விடாதீர்கள். சிறுமியை மீண்டும் மீண்டும் கேள்வி கேட்காமல், அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே தேதியிட்டு எழுதி வையுங்கள்.