பின்னால ஆள் ஏத்திக்கிட்டு வால்பாறை, கொல்லிமலை போக பைக் ஷாக் அப்சார்பரை எப்படி செட் பண்றதுங்க?

கேட்டது 150 சிசி வண்டி, பின்னால ரெட்டை ஷாக், அஞ்சு நாட்ச் (ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கிற படி). கடைசி நாட்ச்ல வச்சும் எறக்கத்துல முன்பக்கம் குத்துது, பிரேக் பிடிச்சா பின்சக்கரம் தத்துதுன்னு சொல்லியிருக்கீங்க. கடைசி நாட்ச்ல வச்சதுதாங்க பாதிக் காரணம்.

நாட்ச் மாத்துறதுக்கு ஷாக்ல இருக்கிற வளையத்தை, அதாவது காலரைத் திருப்பினா ஸ்பிரிங் கெட்டியாகிடும்னு நம்மூர்ல ஒரு நம்பிக்கை இருக்கு. ஆகாது. ஸ்பிரிங்கை முன்னாடியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறோம், அவ்வளவுதான். ஆள் உக்காந்த பிறகு வண்டியோட பின்பக்கம் எவ்வளவு உயரத்துல நிக்குதுங்கிறதுதான் மாறும். தேவைக்கு மேல தூக்கி வச்சா எடை முன்னால சாயும், ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ரெண்டு குழாய்க் கால்) செங்குத்தாகும். ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, கொல்லிமலைக்கு 70. எறங்கும்போது ஒவ்வொண்ணுலயும் ஏற்கெனவே முன்னால சாஞ்ச வண்டியில பிரேக்கும் பிடிக்கிறீங்க. பின்சக்கரத்துல எடையே இல்லைன்னா தத்தாம என்ன செய்யும்?

அதனால முதல்ல அளந்து பாருங்க. டேப்பும் கூட ஒரு ஆளும் போதும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரம் தொங்கும்போது ஆக்ஸில் நடுவுல இருந்து நேர் மேல கிராப் ரெயில்ல ஒரு புள்ளி வரைக்கும் அளவு எடுங்க. 580 மி.மீ. வருதுன்னு வைங்க. ஸ்டாண்டை எடுத்துட்டு, மலைக்குப் போற அதே ரெண்டு பேரும் அதே பையோட உக்காந்து, ரெண்டு தடவை குதிச்சு அடங்கின பிறகு அதே புள்ளியில அளங்க. 547 வந்தா இறக்கம் 33 மி.மீ. மேனுவல்ல பின்சக்கர டிராவல் (சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரம்) 110 மி.மீ.ன்னு இருந்தா இது 30 சதவீதம். 28-லிருந்து 33 சதவீதத்துக்குள்ள இருந்தா சரி. அதுக்கு மேல போனா ஒரு நாட்ச் ஏத்துங்க. ஏறும்போது பின்னால உக்காந்து முன்சக்கரம் லேசாகி, வளைவுல வண்டி வெளியே ஓடுறது இதனாலதான். 25-க்குக் கீழ வந்தா ஒண்ணு எறக்குங்க. ரெண்டு ஷாக்கும் ஒரே நாட்ச்ல இருக்கணும். கடைசி நாட்ச்லயும் 35-க்கு மேல இறங்கினா ஸ்பிரிங் உங்க எடைக்குப் பத்தலை, இல்ல தளர்ந்துடுச்சு.

அளவு சரியா இருந்தும் வண்டி ஆடுதா? சீட்டை அமுக்கி விடுங்க. ஒரே மூச்சுல மேல வந்து அடங்கணும். ரெண்டு மூணு தடவை ஊஞ்சலாடினா டேம்பர் (ஸ்பிரிங் ஆட்டத்தை அடக்குற பாகம்) போச்சு. தண்டுல எண்ணெய்க் கசிவும் இருக்கலாம். அதை நாட்ச் திருப்பிச் சரிபண்ண முடியாது, ஜோடியா மாத்தணும். கேஸ் நிரப்பின ஷாக்கை ஒர்க்ஷாப்ல பிரிக்க விடாதீங்க, உள்ள அழுத்தம் இருக்கும்.

அடுத்து முன்பக்கம். என்னைக் கேட்டா மலைக்கு இதுதான் முக்கியம், யாரும் கண்டுக்கிறதில்லை. பெரும்பாலான 150 சிசி வண்டியில ஃபோர்க்குக்குத் திருகு எதுவும் கிடையாது. எண்ணெய்தான் ஒரே வழி. உள்குழாய்ல ஒரு சின்ன ஜிப் டையைக் கட்டி, டஸ்ட் சீலோட ஒட்டி வச்சுட்டு நாலஞ்சு வளைவு எறங்கிட்டுப் பாருங்க. முழு டிராவல் முடியறதுக்கு 15-20 மி.மீ. மிச்சம் இருக்கணும். கடைசி வரைக்கும் போயிருந்தா முதல்ல பழைய ஃபோர்க் ஆயிலை வடிச்சுட்டு, மேனுவல் சொல்ற கிரேடு, சொல்ற அளவு புதுசா ஊத்துங்க. பாதி வண்டி அதுலயே சரியாகிடும். கறுத்து, தண்ணி மாதிரி எறங்கினா வேற எதையும் தேட வேண்டாம்.

அப்பவும் குத்தினா ஒரு காலுக்கு 5 மி.லி. கூட்டலாம். மேல இருக்கிற காற்று இடம் குறையும், கடைசி அமுக்கத்துல ஃபோர்க் கெட்டியாகும். ரெண்டு கால்லயும் சமமா இருக்கணும். 20, 30 மி.லி.ன்னு அள்ளி விட்டா ஆயில் சீல் பிதுங்கி எண்ணெய் டிஸ்க்ல எறங்கும், எறக்கத்துல பிரேக் நிக்காது. 10W கிரேடு ஆயிலுக்குப் பதிலா அதைவிடக் கெட்டியான 15W ஊத்தினா குத்துறது மெதுவாகும், ஆனா திரும்பி வர்றதும் மெதுவாகும். வரிசையா குழி வந்தா ஃபோர்க் நிமிர நேரமில்லாம அமுங்கிக்கிட்டே போகும். எஸ்டேட் ரோட்டுல கை மரத்துப்போறது இப்படித்தான். பிராண்டுக்குப் பிராண்டு 10W-ம் ஒரே மாதிரி இருக்காது, ரெண்டைக் கலக்காதீங்க.

கோன் செட் (ஹேண்டில்பார் திரும்புற இடத்து பேரிங்), ஸ்விங் ஆர்ம் புஷ் (பின்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கையோட மூட்டு) ரெண்டையும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துடுங்க. லூசா இருந்தா மேல சொன்ன எதுவும் வேலைக்கு ஆகாது. டயர் காற்றை ஸ்டிக்கர்ல ரெண்டு பேருக்குப் போட்டிருக்கிற அளவுக்கு, பொள்ளாச்சியிலயோ நாமக்கல்லயோ காலையில டயர் சூடேறாதப்பவே பிடிச்சுக்கங்க.

ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. நாட்ச்சையும் எண்ணெயையும் சேர்த்து மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. மலை எறங்கி வந்து தனியா ஓட்டும்போது நாட்ச்சைப் பழைய இடத்துக்குக் கொண்டு வந்துடுங்க. திருப்புறதுக்கு முன்னாடி காலர்ல ஒட்டின மண்ணை பிரஷ் போட்டுத் தட்டி விடுங்க, இல்லைன்னா காலரைத் திருப்புற சி ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி பேந்துடும்.