ஓவன்ஸ்பரோ மட்டன் பார்பிக்யூ: முதல் தடவை போகிறவர்கள் எதைக் கேட்டு வாங்குவது?

நாஷ்வில்லில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மதுரையிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள், கென்டக்கியில் மாமத் குகை பார்க்கக் கூட்டிப் போகப் போகிறார். பக்கத்தில் ஓவன்ஸ்பரோ என்ற ஊரில் ஆட்டுக்கறி பார்பிக்யூ கிடைக்கிறது என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்களாம். பெற்றோர் இருவரும் மாடு, பன்றி தொடமாட்டார்கள், ஆட்டுக்கறி என்றால் விடமாட்டார்கள். "அதற்காக வண்டியைத் திருப்பலாமா? போனால் எதை வாங்குவது? அவர்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்கிறார்.

தாராளமாகப் போகலாம். அமெரிக்காவில் பார்பிக்யூ என்றாலே பெரும்பாலும் பன்றி, டெக்சஸ் பக்கம் போனால் மாடு, இரண்டும் வேண்டாம் என்றால் கோழிதான் கதி என்று இருப்பவர்களுக்கு மேற்குக் கென்டக்கியின் இந்தச் சின்ன வட்டாரம் ஒரு வரம். ஆனால் அங்கே போகும் நம்மூர்க்காரர்கள் பலர் மெனுவில் மட்டன் என்று முதலில் கண்ணில் படுவதை வாங்கிவிட்டு, "ஒரே உப்பு, ஒரே வாடை" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வருகிறார்கள். எந்த வெட்டு, எவ்வளவு சூடு என்ற இரண்டு விஷயத்தில்தான் முக்கால்வாசி காரியம் இருக்கிறது.

முதலில் அது என்ன கறி என்று தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளாடு இல்லை, செம்மறி, அதுவும் நன்றாக முற்றியது. கம்பளிக்காக வளர்த்து வயதான பெண் ஆடுகளை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் இந்தச் சமையலே பிறந்தது. 1816-இல் வெளிநாட்டுக் கம்பளித் துணிக்கு இறக்குமதி வரி போட்டதும் உள்ளூரில் ஆடு வளர்ப்பது கட்டுப்படியாகி, ஓஹையோ ஆற்றங்கரையில் மந்தைகள் பெருகின என்று அந்த ஊரில் காரணம் சொல்வார்கள். முத்தல் கறி சட்டென்று வேகுமா? ஹிக்கரி மரக் கங்கில், நெருப்பு நேராகப் படாமல், கிட்டத்தட்ட ஒரு ராத்திரி முழுக்கக் கிடக்க வேண்டும். தசையைக் கட்டிப் பிடித்திருக்கும் சவ்வு மெல்ல உருகி ஜெலட்டின் ஆகும் வரை பொறுமையாக இருந்தால்தான் கத்தி இறங்கும். நம் ஊரில் குக்கரில் விசில் விட்டு முடிக்கிற வேலையைத்தான் அங்கே புகையிலும் நேரத்திலும் செய்கிறார்கள்.

வேகும்போது அடிக்கடி மேலே ஊற்றும் தண்ணி போன்ற கறுப்புச் சாறுக்கு டிப் என்று பெயர். வூஸ்டர்ஷயர் சாஸ், வினிகர், எலுமிச்சை, உப்பு, மிளகு, ஆல்ஸ்பைஸ், கொஞ்சம் பழுப்புச் சர்க்கரை, கடைக்குக் கடை அளவு மாறும். தக்காளி கிடையாது, மிளகாய்க் காரமும் அநேகமாகக் கிடையாது. கடைகளில் பாட்டிலில் விற்கும் இனிப்பான சிவப்பு பார்பிக்யூ சாஸை மனதில் வைத்துக்கொண்டு போனால் குழம்பிப்போவீர்கள். இது புளிப்பும் மிளகும் உப்புமாக இருக்கும், கொழுப்பை அறுப்பதற்கென்றே இருக்கும் சாறு.

இனி வாடைக்கு வருவோம், அம்மா அப்பா விஷயத்தில் முடிவு செய்யப்போவது அதுதான். செம்மறியின் கவுச்சி பெரும்பாலும் கொழுப்பில்தான் இருக்கிறது, ஆடு முற்ற முற்ற அது கூடும். அதோடு செம்மறிக் கொழுப்பு மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பைவிடச் சீக்கிரம் உறையும். தட்டு வந்து கொஞ்ச நேரம் போட்டோ எடுத்துக்கொண்டு இருந்தால் போதும், கறியின் ஓரம் வெள்ளையாக மெழுகு மாதிரி ஆகிவிடும், அப்புறம் வாயின் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விடவே விடாது. கூடவே ஐஸ் நிரம்பிய கோக்கைக் குடித்தால் கேட்கவே வேண்டாம். அதனால் கறி வந்த உடனே சூடாகச் சாப்பிடுங்கள், பக்கத்தில் வெந்நீரோ காபியோ வைத்துக்கொள்ளுங்கள். ரை பிரெட், ஊறுகாய் வெள்ளரி, பச்சை வெங்காயத் துண்டு மூன்றும் தட்டிலேயே வரும், அதை ஓரமாக ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு வாய் கறி, ஒரு கடி வெங்காயம் என்று போனால் கொழுப்பு தெரியாது. இதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, எதைக் கேட்பது? மெனுவில் இரண்டு வகை இருக்கும். சாப்டு என்பது ஓரங்கள், கருகல், கொழுப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பொடியாகக் கொத்தி, டிப் ஊற்றிப் பிசைந்தது. பழகியவர்களுக்கு அது அமிர்தம், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் முதல் தடவை சாப்பிடுகிறவருக்கு வாடையும் உப்பும் ஒன்றாக ஏறி வருவது அதில்தான். ஸ்லைஸ்டு என்பது உள்பக்கக் கறியைப் பட்டை பட்டையாக அரிந்தது, மென்மையாக இருக்கும், டிப் தனியாகக் கிண்ணத்தில் கேட்டால் கொடுப்பார்கள். உங்கள் பெற்றோருக்கு இதிலிருந்து ஆரம்பியுங்கள். அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டென்றால் டிப்பைத் தனியாக வாங்குவது இன்னும் முக்கியம், அதில் உப்பு தாராளம்.

1918-இலிருந்து நடக்கும் ஓல்டு ஹிக்கரி என்ற கடையில் மூன்றாவதாக ஒன்று உண்டு, "ஆஃப் தி பிட்" என்று கேட்க வேண்டும். கொத்தாமல், மெல்லிசாக அரியாமல், கறி வேகும் அடுப்புக் குழியிலிருந்து (அதுதான் பிட்) எடுத்தபடியே கறியைப் பெரிய துண்டுகளாகக் கொடுப்பார்கள். வெளியே புகையும் மிளகும் சேர்ந்து கறுத்து மொறுமொறுப்பாக, உள்ளே நார் நாராகப் பிரியும். சுக்கா பிரியருக்கு அந்தக் கறுத்த ஓரம்தான் சொர்க்கம். இரண்டு பேருக்குக் கால் பவுண்டு, அதாவது நூறு கிராம் சொச்சம், ருசி பார்க்கப் போதும். பிடித்தால் மறுபடி போய் வாங்கிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அரிந்த கறியின் ஓரத்தில் ரோஜா நிற வளையம் தெரிந்தால் வேகவில்லை என்று அம்மா தட்டைத் தள்ளிவைத்துவிடப் போகிறார், முன்னாலேயே சொல்லிவையுங்கள், புகையில் உள்ள வாயு கறியின் நிறமியோடு சேர்வதால் வரும் நிறம் அது.

இன்னொரு பெரிய கடை மூன்லைட். பஃபே அங்கே பிரபலம். பசியோடு வரும் கும்பலுக்கு நல்லதுதான், ஆனால் உங்கள் நோக்கத்துக்கு அது முதல் இடமில்லை என்பேன். பஃபே தட்டில் கறி எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்று தெரியாது, பன்றியும் மாடும் கோழியும் மட்டனும் அடுத்தடுத்து இருக்கும், கரண்டி மாறலாம். மெனுவிலிருந்து தனித்தட்டாக வாங்குவதே மேல்.

பன்றி விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கடையிலும் மட்டன் வேகும் அதே குழியில்தான் பன்றியும் வேகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், வெட்டும் பலகையும் அநேகமாக ஒன்றுதான். "நாங்கள் சாப்பிட மாட்டோம், பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை" என்பவர்கள் நிம்மதியாகப் போகலாம். கலப்பே கூடாது என்பவர்களுக்கும் ஹலால் பார்ப்பவர்களுக்கும் இந்த ஊர் சரிப்படாது, வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்து, ஆர்டர் கொடுக்கும்போது வெறுமனே பார்பிக்யூ சாண்ட்விச் என்று சொல்லாமல் மட்டன் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓவன்ஸ்பரோவைத் தாண்டிக் கென்டக்கியின் மற்ற ஊர்களில் பார்பிக்யூ என்றால் பன்றிதான் வரும். தெற்கே டென்னசி எல்லையை ஒட்டிய மன்றோ கவுண்டியிலும் டிப் என்பார்கள், ஆனால் அது பன்றித் தோள்கறியை மெல்லிசாக அரிந்து காரமான வினிகரில் முக்குவது, வேறு சங்கதி.

கறியைவிட ஏமாற்றுவது தொடுகறிகள். பீன்ஸ், கீரை என்று சைவமாகத் தெரிவதில் பன்றித் துண்டோ அதன் கொழுப்போ போட்டு வேகவைப்பது அந்தப் பக்க வழக்கம். முட்டைக்கோஸ் ஸ்லா, மக்கரோனி சீஸ், சோளம் இவற்றில் பொதுவாகப் பிரச்சினை இருக்காது, இருந்தாலும் "இதில் பன்றி உண்டா" என்று ஒரு வார்த்தை கேட்பதில் வெட்கமே வேண்டாம், கடைக்காரர்களுக்குப் பழகிய கேள்விதான் அது.

பர்கூ என்று ஒரு கிண்ணம் வைப்பார்கள். மட்டன், கோழி, சோளம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், தக்காளி எல்லாம் கரைந்து கூழாகும் வரை பெரிய அண்டாவில் கிளறிக் கொதிக்கவைத்த கெட்டிச் சாறு. அம்மாவுக்கு இதுதான் மிகவும் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவேன், மிளகும் புளிப்பும் நம் நாக்குக்கு அந்நியமே இல்லை. ஆனால் சிலர் மாடும் பன்றியும் சேர்ப்பார்கள், கேட்காமல் வாங்காதீர்கள்.

மே மாதத்தில் போக முடிந்தால் ஆற்றங்கரையில் பார்பிக்யூ திருவிழா நடக்கும், 1979-இல் தொடங்கியது. கத்தோலிக்கப் பங்குக் கோயில்களின் குழுக்கள் தெருவிலேயே நீளமாகக் குழி அமைத்து மட்டன் வாட்டுவார்கள், அண்டா அண்டாவாகப் பர்கூ கிளறுவார்கள். உண்மையில் இந்தச் சமையலைக் கட்டிக் காத்தவை கடைகளைவிட அந்தக் கோயில்களின் கோடைகாலப் பிக்னிக்குகள்தான். திருவிழா நாளில் கூட்டம் அள்ளும், வயதானவர்களோடு போகிறவர்கள் சாதாரண நாளில் கடைக்குப் போவதே வசதி.

மாமத் குகையிலிருந்து ஓவன்ஸ்பரோவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், அங்கிருந்து நாஷ்வில் திரும்ப இரண்டேகால் மணி நேரம் வையுங்கள். மூன்று ஊருக்கும் ஒரே நேர மண்டலம், ஆனால் லூயிவில் வழியாகச் சுற்றி வருவதாக இருந்தால் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே போய்விடுங்கள், நல்ல வெட்டு சாயங்காலம் வரை மிஞ்சும் என்று நம்ப வேண்டாம், ஞாயிறு என்றால் கடை திறந்திருக்கிறதா என்று ஒரு போன் போட்டுவிடுங்கள்.

மிச்சத்தைப் பொட்டலம் கட்டி வாங்கினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் வெளியே வைக்கக்கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஐஸ் பெட்டி ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். மறுநாள் மைக்ரோவேவில் வைக்காமல், வெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கி அதில் போட்டுப் புரட்டி, ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். டிப்பிலேயே உப்பு இருப்பதால் புதிதாக உப்புப் போட வேண்டியிருக்காது.