டவுன் சிண்ட்ரோம் உள்ள ஏழு மாதக் குழந்தையை அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்வார்களா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: அக்கா மகளுக்கு ஏழு மாதம், டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் பிறவியிலேயே வருவது) என்று சொல்லிவிட்டார்கள். மன்னார்குடிப் பக்கம் கிராமம். அக்கா நடவுக்குப் போயாக வேண்டும், பிள்ளை அப்பாயியிடம் இருக்கிறது. அங்கன்வாடியில் சேர்ப்பார்களா, திருப்பி அனுப்பிவிடுவார்களா?

நான் திருவாரூர் மாவட்டத்தில் பதினாறு வருடமாக அங்கன்வாடிப் பணியாளர். ஊருக்கு இன்றைக்கும் 'பால்வாடி டீச்சர்'தான்.

சேர்ப்போம். திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் தூக்கிப்போகும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். மையத்துக்கு வந்து உட்கார இரண்டு வயதாவது ஆக வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெயர் பதிவோம், ஆறு மாதம் முடிந்ததும் சத்துமாவு கொடுப்போம், எடை உயரம் பார்ப்போம், வீட்டுக்கு வருவோம். இதில் வீட்டுக்கு வருவதுதான் உங்கள் அக்காவுக்கு உதவும். 'இந்தப் பிள்ளையை எதுக்கு நாலு பேருக்குக் காட்டணும்' என்று பதியாமலே விட்டுவிடும் வீடுகள் உண்டு. அப்படி விட்டுவிட வேண்டாம்.

2023 நவம்பரில் மத்திய அரசு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்று அங்கன்வாடிகளுக்கு ஒரு நெறிமுறை வெளியிட்டது. சீக்கிரம் கண்டுபிடி, மற்ற பிள்ளைகளோடு சேர்த்துக்கொள், அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பு என்பதுதான் அதன் சாரம். எனக்கு அது வருவதற்கு முன்பே ஒரு பாடம் கிடைத்திருந்தது. என் மையத்தில் பதிந்த ஒரு பையனுக்கு ஆறு மாதமாகியும் தலை நிற்கவில்லை. 'ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் ஆகும்' என்று அவன் அம்மாவுக்குத் தைரியம் சொன்னது நான்தான். தலை எப்போது நிற்க வேண்டும் என்று தாய் சேய் அட்டையிலேயே படம் போட்டிருக்கிறது, அந்த அட்டையும் என் கையில்தான் இருந்தது. பதினோராம் மாதத்தில்தான் அனுப்பினோம். மூளை முடக்குவாதம். முன்னாலேயே அனுப்பியிருந்தால் நோய் இல்லாமல் போயிருக்காது, ஆனால் ஐந்து மாதப் பயிற்சி கூடுதலாகக் கிடைத்திருக்கும். அதற்கப்புறம் 'மெதுவாத்தான் ஆகும்' என்ற பேச்சே என் வாயில் வருவதில்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். நடவு நாளில் பத்து மணிக்கு நான் எந்த வீட்டுக்குப் போனாலும் அம்மா வயலில் இருப்பார், பிள்ளை அப்பாயி மடியில் இருக்கும். அக்காவுக்கு டாக்டர் சொன்னதெல்லாம் அந்த மடிக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அப்பாயியையும் கூட்டிப்போங்கள்.

முக்கியமாக ஒன்று. பிள்ளை பால் கக்கினாலோ விடாமல் அழுதாலோ 'உரம் விழுந்திருக்கு' என்று சேலையில் போட்டு உருட்டி எடுப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு அது கூடவே கூடாது. டவுன் சிண்ட்ரோமில் கழுத்தின் மேல் எலும்புகளைப் பிடித்துவைக்கும் நார்கள் தளர்வாக இருக்கலாம், உருட்டும்போது தண்டுவடத்தில் அடிபடலாம். குளிக்க வைக்கும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம், அது நுரையீரலுக்குப் போய்விடலாம். எண்ணெய் தேய்த்துக் கை கால் நீவிவிடுவது நல்லதுதான், அதைத் தடுக்காதீர்கள்.

அடுத்தது சாப்பாடு. கூழ் கொடுத்தால் நாக்கால் வெளியே தள்ளும். 'பிள்ளைக்குப் பிடிக்கல' என்று நிறுத்திவிடுகிறார்கள். பிடிக்காமல் இல்லை, நாக்குக்கும் உதட்டுக்கும் பலம் போதவில்லை. ஒரு வீட்டில் அப்பாயி பிள்ளையைப் படுக்கப்போட்டுச் சங்கில் புகட்டிக்கொண்டிருந்தார், பிள்ளைக்குப் புரையேறிக்கொண்டே இருந்தது. 'எட்டுப் புள்ளைக்கும் சங்குலதான் டீச்சர் புகட்டுனேன், வளரலையா?' என்றார். நான் வாதாடவில்லை. பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, கூழைக் கரண்டியிலிருந்து சொட்டாத பதத்துக்குக் கெட்டியாகக் கலந்து, சின்னத் தட்டைக் கரண்டியை அவர் கையிலேயே கொடுத்தேன். நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்த வேண்டும், உதடு மூடியதும் நேராக வெளியே எடுக்க வேண்டும், மேலுதட்டில் வழிக்கக் கூடாது. மூன்றாவது வாய் உள்ளே போனது. ஒரு மாதம் கழித்துப் பக்கத்துத் தெரு மருமகளுக்கு அதே அப்பாயி செய்துகாட்டிக்கொண்டிருந்தார், என்னை ஒரு ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு!

தூளியிலேயே நாள் முழுக்கக் கிடக்க விடாதீர்கள். விழித்திருக்கும் நேரம் பாயில் குப்புறப் போட்டு, முன்னால் யாராவது உட்கார்ந்து பேசுங்கள். உட்காரப் பழக்க பிளாஸ்டிக் அன்னக்கூடைக்குள் உட்கார வைத்தால் போதும். இந்தப் பிள்ளைகளுக்குக் கால் தவளை மாதிரி அகன்று போகும். அதனால் இரண்டு தொடைக்கும் வெளிப்பக்கம் துண்டைச் சுருட்டி வைத்துக் காலைச் சேர்த்து வையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. வருடத்துக்கு இரண்டு முறை டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வரும், அவர்களிடம் காட்டினால் மாவட்டத்தில் உள்ள ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதித் தருவார்கள். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் தெரியும். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் அங்கே இலவசம். குழு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், நேரே போகலாம். காது, தைராய்டு இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஒரு வயது முடிந்ததும் விண்ணப்பியுங்கள். பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய், சான்றிதழில் போடும் சதவீதத்தைப் பொறுத்துக் கிடைக்கும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தாயிற்றா? டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கும். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து மூச்சு வாங்குகிறதா என்று அக்காவைக் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு அறுவை சிகிச்சை உண்டு. எக்கோ எடுக்கவில்லை என்றால் நடவு ஒரு நாள் நிற்கட்டும், முதலில் அதைப் பாருங்கள்.